செருப்பு அலமாரிமேல் ஒரு பெட்டி

சிரஞ்சீவி பத்ரிக்கு, அத்திம்பேர் மகாதேவன் எழுதிக்கொண்டது. கோந்த்வாவில் இரண்டு நாளாக நல்ல மழை.

சனிக்கிழமை வருவதாக எனக்கு மெயில் போட்டிருந்தாய். வந்தால் செருப்பு அலமாரிமேல், ரூட்டரை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி உன் கண்ணில் படும். உனக்கும் என்னைப்போல் நெட்வொர்க்தான் தொழில். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வாய். அதனால் நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருப்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். விலை குறைவுதான். எனக்கு வேலை போனபிறகு உன் அக்கா வைஜயந்திதான் வாங்கிக் கொடுத்தாள். பக்கத்து ஃபிளாட் ராஜஸ்ரீயிடம், கிழவருக்கு ஒரு பொம்மை வாங்கிப் போட்டாயிற்று, இனி என்னைத் தொணதொணக்க மாட்டார் என்று மராத்தியில் சொன்னாள். லால்குடியில் தமிழில் படித்தவனுக்கு மராத்தி எங்கே புரியப்போகிறது என்று எண்ணம். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரிந்தது.

மெமரி கார்டில் சிஸ்டத்தை ஏற்ற ஒரு நாள். வீட்டு வைஃபை முழுவதையும் அதன் வழியாகத் திருப்ப நாலு நாள். அதற்குப் பிறகு யாருக்கு எப்போது வழி விடுவது என்பது என் கையில்.

மகர்பட்டா ஆபீஸ் வேலையை அவள் வீட்டிலிருந்தே பார்த்தாள். மீட்டிங்கில் அவள் முறை வந்து வாயைத் திறந்ததும் அவள் லேப்டாப்புக்கு மட்டும் நெட்டைப் பத்து விநாடி நிறுத்துவேன். அதற்கு மேல் போனால் நெட்டின்மேல் சந்தேகம் வரும். "எனக்கு நன்னா வரதே" என்று என் போனைக் காட்டுவேன். புரொமோஷன் இன்டர்வியூவில் மட்டும் ஏழு முறை. தேதி, மணியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"ஏன்னா, நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் சிலையாயிடறா. எனக்கு என்னமோ ஆயிடுத்து" என்று அழுதாள். டாக்டர் படபடப்புக்கு மாத்திரை கொடுத்தார். மார்ச்சில் வேலையை விட்டாள்.

மீதி இருந்தது உன் வாட்ஸ்அப் அழைப்பு. எங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது, எல்லாம் வைஃபைதான். அவள் எடுத்து "ஹலோ" சொன்னதும் அறுத்துவிடுவேன். அவள் வைக்கிறாள் என்று உனக்குக் கோபம். நீ வைக்கிறாய் என்று அவளுக்கு. இரண்டு பேருக்கும் ரோஷம் அதிகம். தானாக நின்றுபோயிற்று.

நான் கை நீட்டியது கிடையாது, குரல் உயர்த்தியது கிடையாது. ராஜஸ்ரீயைக் கேட்டுப் பார்.

நேற்று காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெகு நாளைக்கப்புறம். "பத்ரிகூட என்னை வேண்டாம்னுட்டான். உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்றாள்.

நான் கேட்டு வாங்கவில்லை, பத்ரி. அவளாகவேதான் சொன்னாள்.