பர்மிஷன் வந்தது, பூச்சி போனது

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், அத்திபெலேயிலிருந்து மார்க்கெட் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு பெண்ணும் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மருந்துக்குப் பர்மிஷன் வந்துடுச்சு மல்லிகா. பூச்சியத்தான் காணோம்," என்றாள் மூட்டை வைத்திருந்தவள்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"எந்த மருந்து அடிச்சாலும் புழு சாகல. எலையெல்லாம் சல்லடை. புதுசா ஒண்ணு இருக்குதாம், ஆனா நம்ம நாட்டுல இன்னும் ரிஜிஸ்டர் ஆகலயாம். அவசரத்துக்கு இந்த ஒரு தடவை மட்டும் அடிக்க விடுங்கன்னு உங்கண்ணன் ஊர்க்காரங்களோட ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு. சரியா சோறுகூட தின்னல."

"அப்புறம்?"

"நடுவுல புடிச்சுது பாரு மழை! புழுவ பூரா அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. முக்கால்வாசி தோட்டம் தேறிடுச்சு. நேத்துதான் ஆபீசரு வந்து பர்மிஷன் ஆயிடுச்சுங்கறாரு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"சிரிப்ப அடக்க முடியல அவரால. ஆபீசருக்கு ரெண்டு கோசு குடுத்து அனுப்புனாரு."

மல்லிகா மூட்டையிலிருந்து ஒரு கோசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஓட்டை இருக்குதே அண்ணி."

"அது பர்மிஷனுக்கு முன்னாடியே தின்னுட்டுப் போனது."