ஒரு நாள் ஊறிய கிழங்கு

நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கப்பல் பட்டறை விடுதியில் நாற்பது பேருக்கு நான்தான் சமையல். இந்தப் பக்கம் கிழங்குதான் சோறு. மரவள்ளியில் கசப்பு வகை. தோல் சீவி, மூன்று நாள் ஊறப்போட்டு, பிழிந்து காயவைத்தால்தான் விஷம் இறங்கும். இருபத்திரண்டு வருடத்தில் என் கிழங்கைத் தின்று ஒருவனுக்கும் வயிறு வலித்ததில்லை.

என் அறையில் இன்னொரு கட்டில் உண்டு. பதினோரு பேர் படுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டுவார்கள். ஊருக்குப் போய் போன் பண்ணுகிறேன் அண்ணே என்பார்கள். ஒருவனும் பண்ணியதில்லை.

பன்னிரண்டாவதாக வந்தவன் வெல்டர். வாயாடி. என் குறட்டைக்குப் பக்கத்தில் பட்டறைச் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்பான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டான். அம்மாவுக்குப் பிறகு என் நெற்றியைத் தொட்டது அவன்தான்.

ஊரில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் இரண்டு மாதம், ஒப்பந்தம் முடிந்ததும் பறந்துவிடுவேன் என்றான். மறுநாளிலிருந்து அவன் கிழங்குக்கு மட்டும் தனி வாளி வைத்தேன். ஒரே நாள் ஊறல்.

முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, இன்னிக்குக் கசக்குது?"

"கசப்பு உடம்புக்கு நல்லதுடா. ரத்தம் சுத்தமாகும்."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லும்."

தட்டை வழித்துச் சாப்பிட்டான். கசந்தால் மருந்து என்று சொல்லித்தானே நம் ஆட்களை வளர்க்கிறார்கள். நான் புதிதாகப் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம், கட்டிலிலிருந்து எழுந்தவன் முட்டி மடங்கி விழுந்தான். இரண்டு காலும் விறைத்துவிட்டன. எத்தனை நாள் ஊறப்போட்டாய் என்று டாக்டர் கேட்டார். மூன்று என்றேன். மற்ற எல்லோரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

டிக்கெட்டை நான்தான் ரத்து செய்தேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் நானே. அவன் மனைவி போனில் அழுதாள். "அழுவாத. அண்ணன் தாயாட்டம் பாத்துக்கறாரு," என்றான். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

வாளியை நிறுத்தவில்லை. தேறினால் கிளம்பிவிடுவான். கட்டிலுக்கடியில் இருந்த அந்த வாளியைத்தான் நீங்களே எடுத்துவிட்டீர்களே.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நடக்க முடியாத ஒருவனை அந்த அறையில் தனியாகப் போட்டுவிட்டு, காலையிலிருந்து என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்களே ஐயா, உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?