ஏழாம் எண் பேட்டி

ஹலோ… ஹலோ, அக்கா… ஆமா, நான்தான்… இல்ல, தூங்கல, மணி மூணரை, இப்போ யாரு தூங்குவா… நூலகத்துக்கு வெளியில, படிக்கட்டுல உட்கார்ந்திருக்கேன். உள்ள பேச விடமாட்டாங்க… கேக்குது, கேக்குது. கத்தாம பேசு.

பணிமனை கேன்டீன்லயா? அதுக்குள்ள வந்துட்டாங்களா? கூட்டம் நாலு மணிக்குன்னுதானே சொன்னே… சரி… சரி. எத்தனை பேரு… அவ்வளவு பேரா. காலை ஷிஃப்ட் ஆளுங்க வீட்டுக்கே போகலையா… ம்.

அப்பா எங்க? … செயலாளர் நாற்காலியில உட்காரலையா… பின்னாடி பெஞ்சுலயா… ம்… இல்லக்கா, அழல. அழுகை வரல. மூணு நாளா எனக்கு ஒண்ணுமே வரல. பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கு உடம்பு பூரா. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கேக்காத.

என் ஆய்வுல எந்தப் பக்கத்தை ஒட்டியிருக்காங்க, நோட்டீஸ் போர்டுல? … நாப்பத்தி மூணு. அதான், ஏழாம் எண் பேட்டி… தெரியும்க்கா, நான்தானே எழுதினேன்.

பேரு போடல. சத்தியமா போடல. யாரு பேரும் போடக்கூடாது, வெறும் நம்பர்தான்… ஆமா… ஆமா, அந்த மூணு வரியும் நான் எழுதினதுதான். முப்பத்தொரு வருஷமா பஸ் பணிமனையில மெக்கானிக், ஒன்பது வருஷமா சங்கச் செயலாளர், கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்துல தொங்க விட்டிருப்பார்… ஆமாக்கா, செருப்பு சைஸை மட்டும்தான் விட்டுட்டேன்… சிரிக்கல. நான் எங்க சிரிச்சேன்?

பேராசிரியர் ஓரத்துல எழுதிக் குடுத்தாரு. 'பேசறவர் யாருன்னு கண்ணுக்குத் தெரியல, பின்புலம் சேர்க்கவும்'னு. சேர்த்தேன். நல்லா வந்திருக்குன்னு வேற நினைச்சுக்கிட்டேன். பணிமனையில இதை யாரு படிக்கப் போறாங்கன்னு… ஆமா, டயர் பிரிவுக்காரர் பொண்ணுதான். அரசியல் அறிவியல் எடுக்கலாமான்னு பல்கலைக்கழக வெப்சைட்டைத் தோண்டியிருக்கா, என் ஆய்வு அதுல கிடைச்சிருக்கு… நான்தான்க்கா அவளை எடுக்கச் சொன்னேன். நல்ல படிப்புன்னு.

என்ன கேள்வி இது? நானா கற்பனை பண்ணி எழுதுவேன்? அப்பாதான் தன் வாயால சொன்னாரு. சாப்பிட்ட கையைக் கழுவாம ஒரு மணி நேரம் சொன்னாரு. பழைய செயலாளர் நிர்வாகத்தோட ஆளு, அந்தாளு மறுபடி ஜெயிச்சா சங்கத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதான், அதனால ஓட்டு எண்ணும்போது அந்தாளுக்கு விழுந்த சீட்டுல ஒரு கட்டு எடுத்து என் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்னு… பெருமையாவும் சொல்லல, வெக்கப்பட்டும் சொல்லல. பிரேக் சரி பண்ணின கதை மாதிரி சொன்னாரு.

தெரியும், ரெகார்ட் ஆகுதுன்னு அவருக்குத் தெரியும். சம்மதப் படிவம் குடுத்தேன், கையெழுத்து போட்டாரு… படிக்கல. 'நீ நீட்டினா நான் படிச்சுப் பார்ப்பேனா, பேனாவைக் குடு'ன்னாரு… அதைத்தான்க்கா நானும் சொல்றேன். அவர் மாணவிகிட்ட சொல்லல, மககிட்ட சொன்னாரு. நான்தான் மாணவியா உட்கார்ந்துக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடதுதான். நான் இல்லேங்கலையே.

ம்… ம்… சொல்லு, கேக்கறேன்.

அப்படிச் சொல்லணுமா? பேட்டியே எடுக்கல, நானா இட்டுக்கட்டினேன்னா? … இல்ல, புரியுது… புரியுதுக்கா. வேற பணிமனைக்காரர்னு சொன்னா எந்தப் பணிமனைன்னு கேப்பாங்க. ஆமா.

காலையில பேராசிரியர்கிட்ட போனேன். பேட்டி குடுத்தவர் இவர்தான்னும் சொல்லக்கூடாதாம், இவர் இல்லைன்னும் சொல்லக்கூடாதாம். அதுதான் விதியாம். 'வாயைத் திறக்காம இரும்மா'ன்னாரு… இட்டுக்கட்டினேன்னு சொன்னா? சொன்னா பட்டம் போயிடும். வேற என்ன… எந்தக் கல்லூரியிலயும் மறுபடி சேர்த்துக்க மாட்டாங்க.

சொல்றேன்.

சொல்றேன்னேன்ல… யோசிச்சாச்சு. காகிதத்துல எழுதி வச்சிருக்கேன், நாலே வரி. நீ சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்… அழாத. நீ அழுதா அங்க எல்லாரும் பார்ப்பாங்க. போ, சங்கத் தலைவர்கிட்ட போனைக் குடு, ஸ்பீக்கர்ல போடச் சொல்லு. அப்பாகிட்ட எதுவும் சொல்லாத.

ம்… இருக்கேன்…

வணக்கம்… வணக்கம்ங்க… ஆமாங்க, செயலாளரோட சின்னப் பொண்ணுதான்… சத்தமா பேசறேன்… இப்போ கேக்குதுங்களா? சரிங்க. நீங்க ஒட்டியிருக்கிற அந்தப் பக்கம் என் ஆய்வுல இருக்கறதுதான். அதுல வர்ற ஏழாம் எண் பேட்டியை நான் யார்கிட்டயும் எடுக்கல. நேரம் இல்லாததால நானே என் மனசுல தோணினதை… ஹலோ? … என் மனசுல தோணினதை எழுதி… ஹலோ, என்னங்க சத்தம் அங்க? … யாரு பேசறாங்க? … அக்கா? … அக்கா, லைன்ல இருக்கியா?

ஹலோ… ஹலோ…

அப்பாவா?

ம்… ஸ்பீக்கரை நிறுத்தியாச்சா… ம். சொல்லுங்கப்பா…

எழுந்து நின்னீங்களா? எப்போ? … நான் படிச்சுக்கிட்டு இருக்கும்போதேவா… எல்லார் முன்னாடியும்? 'அந்த ஏழாம் எண் நான்தான்'னா…

ஏம்ப்பா? நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேனே. இன்னும் ரெண்டே வரி இருந்துச்சு… பொய்தான். பொய்னு தெரிஞ்சுதான் சொன்னேன்… போனாப் போகுதுப்பா பட்டம்… சரி… சரி, இனிமே அப்படிப் பேசல…

இப்போ எங்க இருக்கீங்க? வாசல்லயா… சங்க அறை சாவியைக் குடுத்தாச்சா… ம். யாராவது ஏதாவது சொன்னாங்களா? … எல்லாரும் வழி விட்டு ஒதுங்கிட்டாங்களா… ம்.

அப்பா, என்னைத் திட்டுங்க… இல்ல, திட்டுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

என்னது? … மார்க்கா? எதுக்கு… இந்த ஆய்வுக்கா?

வந்துடுச்சுப்பா. போன வாரமே வந்துடுச்சு… சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள அந்தப் பக்கத்தை ஒட்டிட்டாங்க… ம்…

முதல் இடம்ப்பா.

ஆமா… ஆமா, எங்க துறையிலயே முதல் இடம்… நிஜமாத்தான்…

அப்பா? … யாரைக் கூப்பிடறீங்க? … எங்க போறீங்க, மறுபடி உள்ளயா? … அப்பா, வேணாம். அவங்ககிட்ட போய் அதைச் சொல்லாதீங்க. அப்பா, கேக்குதா, அவங்ககிட்ட போய்…

ஹலோ?