ஒட்டுகிறது, பத்துக்கு ஒன்று

தலை உப்பிய கெபாசிட்டரை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடலாம். கால் ஒடிந்த டிரான்சிஸ்டரும் அப்படித்தான். மற்றவற்றில்தான் சிக்கல், மேடம். இன்று உதவாத சாமான் நாளைக்கு உதவும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யப் பொறுமை வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது இல்லாமல் போகுமா?

என் பெயர் இளையபெருமாள். வயது அறுபத்திரண்டு. ஊர் பூதலூர். இறந்துபோன மணிவண்ணன் என் மனைவி நீலாம்பாளின் தம்பி. அவனுடைய மோட்டாருக்கு எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் ரெத்தினத்தை நீங்கள் தினமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தவறில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ரேடியோ, சர்க்யூட் என்று கைவேலை செய்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். வீட்டின் பின்னறை முழுக்க என் சாமான்கள். ரெசிஸ்டர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஐசிக்கள் தெர்மாகோலில் குத்தி, டிரான்ஸ்பார்மர்கள் எடைவாரியாக. நீலாம்பாள் என்னைக் குப்பைக்குக் காவல்காரர் என்பாள். வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சித்திரையில் எங்கள் மகள் பூமிகாவுக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம். அவளை அழைத்து வந்தால் தங்க வைக்க அந்த அறை வேண்டும் என்றாள் நீலாம்பாள். நியாயம்தானே. நான் மறுக்கவில்லை. பதினோரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்துப் பிரித்தேன். கழிப்பதற்கு ஐந்து சாக்கு மூட்டை. வைத்துக்கொள்ள இரண்டே இரண்டு தகரப் பெட்டி. என் வாழ்நாளை இரண்டு பெட்டிக்குள் அடக்கியிருந்தேன். மூட்டைகள் காயலான் கடைக்கு, பெட்டிகளைத் தொடக்கூடாது என்று வீட்டில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் போனேன்.

சாயங்காலம் கண்ணில் விட்ட மருந்தின் மசமசப்போடு திரும்பி வந்தேன். மூட்டைகள் ஐந்தும் இருந்த இடத்தில் இருந்தன. பெட்டிகள் இல்லை. காயலான் கடைக்கு ஓடினேன். செம்புக்காக எல்லாவற்றையும் அதற்குள் உடைத்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து யார் கொடுத்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மணிவண்ணன் முன்னால் வந்தான்.

"நான்தான் அத்தான். பொட்டி ரெண்டும் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அதத்தான் கழிச்சிருக்கீங்கன்னு நெனச்சுத் தூக்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"சரி விடு மாப்ள" என்றேன். வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் இருந்தது எனக்கு. ஆனால் சத்தம் போடவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நீலாம்பாள் என் முகத்தைப் பார்க்காமல் ரசம் ஊற்றினாள். கழித்த மூட்டைகளை மறுபடி அவிழ்த்துக் கொல்லைக் கொட்டகையில் அடுக்கிக்கொண்டேன். எனக்கு மிச்சம் இருந்தது அதுதான்.

மூன்று வாரம் கழித்து மணிவண்ணனின் மோட்டார் ஸ்டார்ட்டர் புகைந்துபோனது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தான். மேட்டூர் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. போர் தண்ணீர் இல்லாவிட்டால் நாற்றங்கால் கருகிவிடும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நான்தான் மிஸ்டு கால் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்திருக்கிறேன். செல்லில் ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும். இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றான். தஞ்சாவூரிலிருந்து புதுச் சாமான் வாங்கி வரட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம், இருப்பதை வைத்தே செய்துவிடலாம் என்றேன்.

மூட்டையில் ஒரு பழைய காண்டாக்டர் இருந்தது. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஒரே நேரத்தில் சேர்த்து, ஒரே நேரத்தில் பிரிக்கும் சாமான் அது. அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தேன். 'ஒட்டுகிறது, பத்துக்கு ஒன்று' என்று என் கையெழுத்தில். பத்து முறை நிறுத்தினால் ஒரு முறை, மூன்றில் ஒரு கம்பி மட்டும் பிரியாமல் நின்றுவிடும். அப்போதும் மோட்டார் ஓடாது. சத்தமும் இருக்காது. நின்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மின்சாரம் உள்ளேதான் இருக்கும்.

மணிவண்ணனுடைய பம்பு அடிக்கடி காற்றுப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்போது எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பின் மேல்மூடியைத் திறந்து, சாணியைக் கரைத்து வாளியோடு ஊற்றுவார்கள். வெறும் கால், ஈரக் கை, இன்னொரு கை பம்பின் மேல் ஊன்றியிருக்கும். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெயின் பெட்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரிங் விட்டால் நின்றுவிடுகிற மோட்டாருக்காக மணிவண்ணன் வாய்க்காலைத் தாண்டப் போவதில்லை. பழைய மோட்டார் கசியும், எர்த் சரியில்லாவிட்டால் அந்த மின்சாரம் பம்பின் உடம்பிலேயே நிற்கும் என்று ரெத்தினம் இரண்டு முறை அவனிடம் எர்த்தை மாற்றச் சொன்னார். அறுவடை முடியட்டும் என்றான். இதையெல்லாம் நான் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவை.

சீட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு மாட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் போன் செய்து, தண்ணீர் ஏறியதா என்று கேட்பேன். பூமிகாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். பெட்டி விஷயத்தை மறந்துவிட்டு மாமாவிடம் எவ்வளவு அக்கறையாக இருக்கிறீர்கள் அப்பா என்பாள். அவளுக்கு முதல் வளையல் போட்டவன் அவன்தான். இரண்டு பேருக்கும் ஒட்டுதல் அதிகம். சில நாள் அவன் போனை எடுக்க நேரமாகும். அப்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயம் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பேசிவிட்டால் ஒரு ஏமாற்றம் வரும். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பதினேழாம் நாள் அவனே வீட்டுக்கு வந்தான்.

"நின்ன மோட்டாரு கடிக்குது அத்தான். விரல்ல சுரீர்னுச்சு. செருப்புப் போட்டிருந்ததால தப்பிச்சேன். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கம்பி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினேன், விட்டுவிட்டது. வேறு காண்டாக்டர் போட அரை மணி நேரம் ஆகியிருக்கும். மணிவண்ணன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு வெயில் படக்கூடாதாம்.

"ஒண்ணுமில்ல மாப்ள. ஈரக் கையோட தொட்டிருப்ப. இப்ப சரி பண்ணிட்டேன், தைரியமா வெறுங்காலோட நில்லு" என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.

"நீங்க பாத்தாச்சுன்னா எனக்கு என்ன பயம்" என்றான். வரப்பில் என்னை முன்னால் விட்டு, வழுக்கும் வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூமிகாவுக்குத் தஞ்சாவூரில் ஸ்கேன். காரில் கூட்டிப்போவதாக அவன் சொல்லியிருந்தான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவதாக ஏழு மணிக்குப் போன் செய்தான். அன்று நான் திரும்பக் கூப்பிடவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஸ்கேன் பைலை மடியில் வைத்துக்கொண்டு பூமிகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது பக்கத்து வயல்காரர். பம்பின் மேல் கவிழ்ந்து கிடக்கிறான், வாளி கொட்டிக் கிடக்கிறது என்றார். மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். இன்னொரு உயிர் போகக்கூடாது அல்லவா?

காண்டாக்டர் உங்களிடம்தான் இருக்கிறது. கையால் இழுத்துவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். ரெத்தினம் வேலை தெரிந்த மனிதர். அவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் அவதிப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நேற்றுக் கருமாதி. எல்லோரும் போனபிறகு நீலாம்பாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்.

"அந்தப் பொட்டியக் குடுத்தது நாந்தாங்க. தெரியாமக் குடுக்கல, தெரிஞ்சேதான் குடுத்தேன். நீங்க அதுங்க கூடவே குடும்பம் நடத்துனது எனக்குப் பொறுக்கல. நீங்க கேட்டப்ப எனக்குப் பயமாயிருச்சு. 'புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்ற வீட்டுல சண்டை வேணாங்க்கா, நான் ஏத்துக்கிறேன், என்னைய அத்தான் ஒண்ணும் சொல்லமாட்டாரு'ன்னு அவன்தான் என்னைய உள்ள அனுப்பிட்டான். கடைசி வரைக்கும் அந்தப் பழியோடயே போயிட்டானே."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன், மேடம். யார் கொடுத்தது என்று நான் எல்லோரையும் நிற்க வைத்துத்தான் கேட்டேன். அவசரப்படவில்லை. நான்தான் என்று அவனாகவே சொன்னான். ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் இன்று பூமிகாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக அவன் இருந்திருப்பான். பொய் சொன்னது அவன். நான் அவன் பேச்சை நம்பினேன், அவ்வளவுதான். என் மேல் தவறு என்று எழுதுவதாக இருந்தால், அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.