கெடாவுக்குப் பின்னால் தாய்மாமன்

சுவரில் வரைந்திருந்த கதவைத் திறக்கப் போய் நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டவன் நான். ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு வாயே கிடையாது. பந்தல்குடி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெயிண்டரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் சீர் கொண்டு வாரத அவ வீட்டுச் சொவத்துல வரையச் சொன்னா, கெடா காலுக்குள்ள என்னைய நிறுத்தியிருக்க?"

"அண்ணே, கெடா முன்னால வருது. நீங்க பின்னால வாரீக. தூரத்துல வாரவுக சின்னதாத்தான் தெரிவாக."

"தாய்மாமன் கெடாவ விடச் சின்னவனா? இப்படியே இருந்தா பிள்ளைய மடியில வைக்க மாட்டேன்."

"அப்பக் கெடாவச் சின்னதாக்கிர்றேன்."

"நோஞ்சான் கெடா கொண்டாந்தேன்னு ஊரு சிரிக்கவா?"

வாயை அடக்க முடியாமல் கேட்டேன்: "கெடாவையே அழிச்சுட்டா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கெடா இல்லாம சீரா? நீங்க எந்த ஊருய்யா?"