சத்தம் பிடிக்காத பெட்டி

எனக்குப் பாட வராது, ஐயா. குளிக்கும்போது லேசாக முணுமுணுத்தால்கூட, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அம்மா கதவைத் தட்டி, "தம்பி, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்பார். ஆனால் கொண்டாட்டங்களில் பாடும் பைலாப் பாட்டு என்றால் எனக்கு உயிர். கல்லூரிப் புகைப்படச் சங்கம் மாணவர் விவரணப் படம் ஒன்று எடுக்கச் சொன்னபோது, பைலாவைத்தான் எடுப்பேன் என்று நின்றேன்.

சங்கத்துக் கமெரா சத்தத்தைப் பிடிக்காது. "ஊமைப் பெட்டியால பாட்டைப் பிடிக்கப் போறியோ?" என்று சங்கத்து நண்பன் நமசிவாயம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பாட்டு விழாவிட்டால் என்ன, பாடுகிறவனின் முகம் விழுமே. போட்டிப் பைலாவில் இரண்டு பேர் ஒரே மெட்டில் மாறி மாறி ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். பதில் வராமல் நிற்பவன் தோற்றவன். எனக்குத் தோற்கிற முகம் ஒன்று கிடைத்தால் போதும்.

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸும் கொன்ஸ்ரன்ரைனும் அகப்பட்டார்கள். துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கும் உயிர் நண்பர்கள். கிளறன்ஸ் வீட்டு முற்றத்தில் மூன்று ஞாயிறு படம் பிடித்தேன். என்ன கேலி செய்தாலும் இருவரும் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். கிளறன்ஸின் மனைவி றோஸி அக்கா வேறு, "வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ தம்பி" என்று பற்றிஸ் தட்டை நீட்டிக்கொண்டே இருப்பார். அந்த வீட்டில் தோற்கிற முகம் ஒருவருக்கும் இல்லை. உலக யுத்தம் முடிந்த கையோடு பிலிம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. என்னிடம் ஒரே ஒரு சுருள்தான் மிஞ்சியது.

ஆகவே கிளறன்ஸுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். றோஸிக்கும் ஒரு தையற்காரனுக்கும் தொடர்பு, உன் நண்பனுக்கும் அது தெரியும் என்று இரண்டே வரி. பிறகு கொன்ஸ்ரன்ரைனிடம் போனேன். "அண்ணை, றோஸி அக்காவின்ர நீலச் சட்டையைத் தைச்ச தையற்காரன் ஆரெண்டு ஞாயிறு பாட்டில கேளுங்கோ. கிளறன்ஸ் அண்ணை விழுந்து சிரிப்பார்." அந்த வெள்ளை மனத்துக்காரர், "ஓம் தம்பி, சோக்கான பகிடி" என்று தொடையில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பாடினார். கிளறன்ஸின் கை றபான் மேளத்தில் அப்படியே நின்றது. அந்த முகத்தை அரை நிமிடம் முழுதாகப் பிடித்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் எழுந்து, றோஸி அக்கா நின்ற குசினிக்குள் போனார். மீன் வெட்டும் கத்தி அங்கேதான் இருந்தது. நாங்கள் ஓடிப் போனபோது அக்காவுக்கு மூச்சு இல்லை. சுருளும் முடிந்துவிட்டது.

கிளறன்ஸுக்காக வழக்காடும் நீங்கள், அவருக்கு அடுத்த மாதம் தூக்கு என்கிறீர்கள். தையற்காரனின் பெயரைக் கேட்கிறீர்கள். அப்படி ஒருவன் இல்லை, ஐயா. அக்கா தன் சட்டைகளைத் தானே தைப்பவர். அவனை நான்தான் உண்டாக்கினேன். ஆனால் கடிதம் படத்தில் வராது. விவரணப் படத்தில் பொய் கலக்கக் கூடாது என்று சங்கத்தில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். என் படத்தில் ஒரு பொய்யும் இல்லை.