இனிக் கடலேற வேண்டாத மெலிசெண்டுக்கு

“முதல் வரியில பாய்தான் வரணும். கப்பல்னா பாய், அதுக்கப்புறம்தான்—”

“அதுக்கப்புறம்தான் என்ன மாமா? சீனக் கடல்லேர்ந்து உங்க பாயா இழுத்துட்டு வந்துச்சு? நாங்க கீழ வெந்து—”

“நீ வெந்த லட்சணம்தான் தெரியுமே. உன் புகைபோக்கி துப்பின பொறி ஒவ்வொண்ணும் என் பாயில ஒரு ஓட்டை. தைச்சுத் தைச்சு என் கட்டைவிரலு—”

“காத்து வருமா வருமான்னு வானத்தைப் பாத்து உக்காந்திருக்கிற நேரத்துல தைக்காம வேற என்ன பண்றதாம்?”

இப்படி மோதும் இரு குரல்களையும் இத்தனை ஆண்டுகள் ஒரே வயிற்றில் சுமந்தவளே, மேனியில் வெண்பாயும் நெஞ்சில் செந்தீயும் கொண்ட மெலிசெண்டே, மகாராணியாரின் போர்க்கப்பல்களுள் பொறுமை மிக்கவளே, போர்ட்ஸ்மத் துறைப் பெண்களின் உறக்கத்தை ஓயாமல் களவாடியவளே, உனக்கு எங்கள் வணக்கம்.

முதலில் பேசியவர் உன் பாய்களைத் தைத்த ஜோசையா பென்ஃபோல்ட், இம்மடலை எழுதும் என் கணவர். மறுத்துப் பேசியவர் உன் உலைகளுக்குக் கரியூட்டிய ரூபன் ஸ்டேர்ஸ், எங்கள் மருமகன். உனக்குப் பாராட்டு மடல் எழுத வேண்டும் என்று கேட்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்து செய்தது அதோடு சரி. உன்னை இன்னொரு முறை கடலுக்கு அனுப்புவார்களோ என்ற ஒரே கேள்வியோடு இந்தக் குளிர்காலம் முழுதும் கிடந்தோம். அந்தக் கேள்வி தீர்ந்த நிம்மதியில்தான் இன்று பேனா ஓடுகிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவளே, காற்று கைவிட்டபோது கரியால் கரைசேர்ந்தவளே, சான்சிபார் தீவுக் கடலில் அடிமைப் படகுகளை விரட்டிப் பிடித்து, அவற்றில் விலங்கோடு வந்தவரின் விலங்கை உன் கொல்லன் கையாலேயே வெட்டுவித்தவளே, ஹாங்காங் துறையைச் சூறாவளி சூறையாடிய நாளில், பக்கத்துக் கப்பல்கள் பாறையில் கிடக்க, போட்ட நங்கூரத்தில் போட்டபடி நின்றவளே, உன் பெருமை பெரிது. வேண்டாத சண்டைக்கும் போனாய். ஏன் போனாய் என்று உன்னைக் கேட்டுப் பயனில்லை; அனுப்பியவரைக் கேட்க எங்களுக்கு வாயில்லை.

புதிய இரும்புக் கப்பல்களின் ஆட்கள் உன்னைப் பார்த்து, “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாயில் ஓடும் நாளில் உன் புகைபோக்கியை மடக்கி, வாலடியில் சுழன்று உன்னை முன்னே தள்ளும் வெண்கல விசிறியைக் கிணற்று வாளி போல மேலே தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அது தண்ணீரில் இழுபட்டு உன் ஓட்டத்தைக் கெடுக்கும். அதைத் தூக்க மேல்தளத்தாரும் அடித்தளத்தாரும் ஒன்றாக வடம் பிடிப்பார்கள். மாமனும் மருமகனும் ஒரே கயிற்றைத் தொட்டது அப்போது மட்டுமே.

வீடு திரும்பும் போர்க்கப்பல் மணப்பெண் போல மின்ன வேண்டும் என்பது நம் கடற்படையார் வழக்கம். சீனக் கடலிலிருந்து நீ திரும்பிய கடைசிப் பயணத்தில், உன் முதல் அதிகாரி ஆஷ்கோம், தூக்கி வைத்திருந்த விசிறிக்கும் வெள்ளை அடிக்கச் சொன்னார். அது ஏறி இறங்கும் தடங்களுக்கும் சேர்த்தே அடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தூரிகை பிடித்தவர்களில் ரூபனும் ஒருவர்.

“பால் கணக்கா இருந்துச்சு அத்தை,” என்பார் இன்றும்.

நம் துறைக்கு எதிரே உள்ள வைட் தீவின் முதுகுப்புறம் நீ வந்தபோது தென்மேற்குக் காற்று சீறி, உன்னைக் கரைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. “புகைபோக்கியை ஏற்று, விசிறியை இறக்கு” என்று ஆணை பிறந்தது. புகைபோக்கி ஏறிற்று. உலை எரிந்தது. விசிறி மட்டும் இறங்கவில்லை. காய்ந்துபோன வெள்ளை வண்ணம் அதைத் தடத்தோடு சேர்த்துக் கவ்வியிருந்தது.

இந்தக் கட்டத்தை எங்கள் அடுப்படியில் இருவரும், ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

“விசிறி மேல ஏறிக் குதிக்கச் சொன்னாங்க அத்தை. அத்தனை பேரும் குதிக்கிறோம், அது பாட்டுக்கு உக்காந்திருக்கு.”

“நீ குதிச்சிட்டிருந்தப்போ மேல ஒரே ஒரு பாய்தான் மிச்சம் மாப்பிள்ளை. புதுசெல்லாம் கிழிஞ்சு பறந்துடுச்சு. மிஞ்சினது பழசு, உடம்பெல்லாம் ஒட்டு.”

“அந்தக் கந்தல் எப்படித்தான் தாங்குச்சோ.”

“கந்தலா? உன் பொறி விழுந்த இடத்துக்கெல்லாம் ரெட்டைத் துணி வெச்சுத் தைச்சிருந்தேன். அதனால தாங்குச்சு.”

“அப்போ எங்க பொறிதான் காப்பாத்துச்சுன்னு எழுதுங்க அத்தை.”

எழுதிவிட்டேன். ஒட்டுப் போட்ட அந்த ஒற்றைப் பாய் உன்னைப் பாறையிலிருந்து விலக்கிப் பிடித்திருக்க, காய்ச்சிய கொழுப்பைத் தடங்களில் ஊற்றி, கத்தியும் உளியும் கொண்டு வெள்ளையைச் சுரண்டி, மறுபடி ஏறிக் குதித்தார்கள். விசிறி விழுந்தது. விழுந்த வேகத்தில் உன் உடலே அதிர்ந்தது. கரையில் மேய்ந்த ஆடுகளின் காது தெரியும் தூரத்தில் நீ திரும்பினாய் என்பார் ஜோசையா. “காது தெரியல மாமா, வாலுதான் தெரிஞ்சுது,” என்பார் ரூபன்.

அப்போது நாங்கள் இங்கே கோட்டை மதில்மேல் காற்றில் நின்றிருந்தோம். ரூபனின் மனைவி, என் மகள் டாம்சின், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்:

“அம்மா, வெள்ளையா ஒண்ணு தெரியுது.”

“அலையா இருக்கும்டி.”

“அலை புகை விடுமா?”

நீ வந்தாய். கிழிந்த பாயோடும் கறுத்த புகையோடும், மணப்பெண் கோலமெல்லாம் கலைந்து, போன எல்லாரையும் கொண்டுவந்து இறக்கினாய். உன் அழகில் அன்று எங்களுக்குக் குறை ஏதும் தெரியவில்லை.

ஆனாலும் அடுத்து உன்னை மேற்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் கரைக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு எழுந்தது. தண்ணீர் வடித்த உலர்துறையில் உன்னை நிறுத்தித் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்று விழுந்த விசிறி உன் வாலைத் தாங்கும் பின்தூணை உச்சி முதல் அடி வரை பிளந்திருக்கிறது என்று. தலைமைத் தச்சர் வெளியே வந்து, வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார்.

“இவ இனிமே இந்தத் துறையத் தாண்ட மாட்டா. வீட்டுக்குப் போங்கம்மா.”

ஓய்வு பெறுகிறவர் பிரிவால் கண்ணீர் பெருகுகிறது என்று மடல்களில் எழுதுவார்கள். மெலிசெண்டே, நாங்கள் அழவில்லை. தேநீர் போட்டோம். உப்பிட்ட மீன் வாங்கி வறுத்தோம். டாம்சின் அடுப்பெதிரே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

ஆகவே, அலைந்து அலுத்தவளே, அலையில்லா உள்துறையில், சேற்றில் புதைந்த நங்கூரத்தோடு, நெடுநாள் நீ நின்று வாழ்க. உன் அடியில் பாசி படரட்டும்; சுரண்ட ஒருவரும் வராதிருக்கட்டும். உன் தளத்தில் கடற்காகம் உட்காரட்டும். எழு என்று ஒருவரும் அதட்டாதிருக்கட்டும். நீ போகாததால் நாங்களும், நாங்கள் காத்திருக்காததால் நீயும், நோயின்றி நிறைவோடு இருப்போமாக.

இங்ஙனம், உன் மேல்தளத்தார், அடித்தளத்தார், இருவரையும் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள். எல்லார் சார்பிலும் கெசியா பென்ஃபோல்ட்.

ஜோசையா கையெழுத்துப் போட்டாயிற்று. பேனா இப்போது ரூபனிடம் இருக்கிறது. வருகிற மாதம் அவர் ஏறப்போகும் புதுக் கப்பல் முழுதும் இரும்பு. பாய் விரிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. மை காய்கிறது, அவர் இன்னும் எழுதாமல் மாமனாரையே பார்க்கிறார்.

“ஏன் மாமா, நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டா, அங்க எதை விரிக்கிறது?”